ஆற்றங்கரையிலிருந்து வைகையின் தலைமாட்டுக்கு: குடும்பத்தோடு குளிக்க எங்கே போகலாம்?

ஆற்றங்கரையான் (ஏப்ரல் 14, இரவு 9.40)

எல்லாருக்கும் புத்தாண்டு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், பனைக்குளம், அழகன்குளம் பக்கம் ஆற்றங்கரைதான் நம்ம ஊர். வைகை கடலைத் தொடுகிற இடம் என்று வரைபடத்தில் போட்டிருப்பார்கள், வந்து பார்த்தால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி நிற்கும். மடவை பிடிக்கலாம், கொடுவாய் பிடிக்கலாம், குளித்தால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். அப்பாவுக்கு 71 வயது, பிறந்ததிலிருந்து வல்லமும் வலையும்தான். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று "இந்தத் தண்ணி எங்கேயிருந்துதான்டா வருது, ஒரு தடவை கூட்டிட்டுப் போ" என்கிறார். நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சுற்றுலா இது.

மே கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம். ஒன்பது பேர், ஒரு வேன், மூன்று நாள். பிள்ளைகள் இரண்டு, ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 11. மலையாற்றில் நன்றாகக் குளிக்கணும், கொஞ்சம் நடக்கணும், அப்பாவுக்கு ஆறு தொடங்குகிற பக்கத்தைக் காட்டணும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வருசநாட்டு மருமகன்

அண்ணே, நான் தேவிபட்டினம், பெண் எடுத்தது தேனி மாவட்டம் கடமலைக்குண்டில், அதனால் இந்தக் கேள்விக்கு நான்தான் சரியான ஆள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், வைகைக்குத் தலை ஒன்று இல்லை. மேகமலை, வருசநாட்டு மலைப் பக்கம் பிறந்து வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வருவதை இங்கே மூல வைகை என்பார்கள். இதுதான் பெயருக்கு உரிய வைகை. ஆனால் இது மழையை நம்பிய ஆறு, மே மாதம் பெரும்பாலும் மணல்தான் தெரியும். இன்னொரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பி, லோயர் கேம்ப்பில் கரண்ட் எடுத்துவிட்டு முல்லையாற்றில் விடுகிறார்கள். மேற்கே கேரளத்துக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். குடிநீருக்காகக் கொஞ்சமாவது விட்டுக்கொண்டே இருப்பதால் கோடையிலும் முல்லையாறு ஓடும். இவை போக போடி பக்கம் கொட்டக்குடி ஆறு, பெரியகுளம் பக்கம் கொடைக்கானல் மலையிலிருந்து வரும் வராக நதி. இத்தனையும் சேர்ந்துதான் நம்ம ஊருக்கு ஒரு சொட்டு வருகிறது.

அதனால் மே மாதத்தில் குளியல் என்றால் முல்லையாறு, இல்லை அருவி. ஆறு பிறக்கும் பக்கத்தைப் பார்க்கணும் என்றால் மூல வைகை. இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

அப்பாவுக்கும் 71, வைகை அணையின் முழு நீர்மட்டமும் 71 அடி. கண்டிப்பாகக் காட்டுங்கள்.

தொண்டித்துறை

எதுக்கு இருநூறு கிலோமீட்டர் அலையணும்? தொண்டிப் பக்கம் நம்ம காரங்காட்டுக்கு வாங்க. சுரபுன்னைக் காட்டுக்குள் படகு, கயாக் எல்லாம் வனத்துறை மேற்பார்வையில் ஊர்க்காரர்களே விடுகிறார்கள். கோட்டைக்கரை ஆறு கடலில் சேருகிற இடம் அது, அதுவும் ஆறுதானே. காலையில் ஆறரை ஏழுக்குத் துடுப்புப் போட்டு உள்ளே போனால் கொக்கும் நாரையும் தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும். மதியம் நண்டுச் சாப்பாடு. வேன் வாடகையில் பாதி மிச்சம்.

பெண்கடல்

தொண்டித்துறை அண்ணன் எந்த இழையைத் திறந்தாலும் காரங்காட்டுக்கு ஆள் சேர்க்கிறார் :) நான் உச்சிப்புளியில் டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே இரண்டு தடவை போயிருக்கிறேன், அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலோரத்துப் பெரியவரிடம் போய் "இதோ பாருங்க, உப்புத் தண்ணி" என்று காட்டச் சொல்கிறீர்களே. அவர் கேட்டது மலை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீச்சல் தெரியும், அரியமான் கடற்கரையில் பழகியது. அந்தத் தைரியத்தில் போன வருஷம் மலையாற்றில் என் தம்பி மகன் இறங்கினான், முழங்கால் தண்ணீர்தான், பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து முன்பல் போனது. நீச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு போடாதீர்கள், பின்பக்கம் வார் வைத்த சாண்டல் வாங்குங்கள்.

சங்குகுளி

டீச்சர் சொன்னதையே பெரிதாகச் சொல்லப் போகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரியபட்டினம் பக்கம், பதினாறு வருஷமாகச் சங்கு குளிக்கிறேன். ஏழெட்டுப் பாகம் அடியில் போய் மண்ணைத் தடவி எடுத்துக்கொண்டு வருவதுதான் தொழில். ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பார்த்தவனுக்கு ஆறு என்ன பெரிய ஆறு என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் கம்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்குப் பின்னாலேயே முல்லையாறு, அதில் ஒரு தடுப்பணை. உயரம் என்று பார்த்தால் என் நெஞ்சளவு இருக்காது. தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி வழிந்து கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. பொண்ணு வீட்டுப் பையன் ஒருவன் "அண்ணே, நுரைக்குள்ள மட்டும் போகாதீங்க" என்றான். சின்னப் பயல் நமக்குச் சொல்கிறான் பாரு என்று சிரித்துக்கொண்டே போனேன்.

உள்ளே காலை வைத்ததும் கீழே தரை இல்லை. சரி, நீந்தி வெளியே வருவோம் என்று கை போட்டால், நான் ஆற்றோட்டத்தின் பக்கம் கை போடுகிறேன், உடம்பு சுவரைப் பார்த்துப் போகிறது. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் அடிவரைக்கும் போய், மேலே வந்து, மறுபடி சுவரை நோக்கியே உருளுகிறது, எண்ணெய்ச் செக்கு மாதிரி. நுரையில் பாதி காற்று, அது ஆளைத் தாங்காது, வாயைத் திறந்தால் தண்ணீரும் வருகிறது, நுரையும் வருகிறது. மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் கரையில் நின்ற என் வீட்டுக்காரி முகம் தெரிந்தது, அவளும் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்ன தோன்றியதோ, மேலே வர முண்டுவதை விட்டுவிட்டேன். கிடைத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்குக்குப் போவது போலத் தலைகுப்புற அடிக்குப் போனேன். அடியில் ஓட்டம் வெளியே தள்ளுகிறது. கல்லெல்லாம் முழங்காலைச் சீவ, இருபதடி தள்ளி எழுந்தேன். வேட்டி போச்சு, வெள்ளி அரைஞாண் போச்சு. மூச்சுப் பிடிக்கிற தொழில் என்பதால் தப்பினேன், வேறு ஆளாக இருந்தால் அவ்வளவுதான்.

கடலில் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குது, காற்று கச்சானா வாடையா, எல்லாம் நமக்குக் கரையில் நிற்கும்போதே தெரியும். ஆற்றைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. அங்கே உள்ளூர்ப் பையன் பத்து வயசாக இருந்தாலும் அவன்தான் நமக்குச் சம்மாட்டி, தலைவன். அவன் இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.

கீழக்கரை காக்கா

அல்லாஹ், படிக்கும்போதே மூச்சு முட்டுது தம்பி.

இன்னொரு சங்கதியும் இருக்கு. கடல் தண்ணியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதனால் ஆற்றுத் தண்ணியைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் கூடுதல். கடலில் நம்மை அந்த உப்பும் சேர்ந்து தாங்குது, நாம் நம்ம நீச்சல் என்று நினைச்சுக்கிறோம். நான் முதல் தடவை கிணற்றில் மல்லாக்க மிதக்கப் பார்த்தேன், கால் ரெண்டும் கல்லுக் கட்டின மாதிரி இறங்கிடுச்சு.

தங்குகிற இடம் பற்றி யாரும் சொல்லலையே. நாங்கள் ஆன்லைனில் "ஆற்றைப் பார்த்த அறை" என்று போட்டிருந்ததை நம்பி முன்பணம் கட்டினோம். ஜன்னலைத் திறந்தால் வாழைத்தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால், அதுவும் வற்றிக் கிடக்குது. கேட்டால் "மழைக்காலத்தில் வாங்க சார், ஜன்னல் வரைக்கும் வரும்" என்கிறான். ஜன்னல் வரைக்கும் வந்தால் நான் ஏன்டா இருக்கப் போறேன். பேர் சொல்ல விரும்பலை. தேனியிலேயே சாதாரண லாட்ஜ் எடுங்கள், எல்லாப் பக்கமும் போய் வரலாம்.

வருசநாட்டு மருமகன்

சங்குகுளி அண்ணன் சொன்னதை அச்சடித்து ஒட்டணும். அதோடு கும்பக்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியகுளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர், கொடைக்கானல் மலை அடிவாரம். வனத்துறைக்குக் கட்டணம் கட்டி உள்ளே போகணும். குளிக்க விடுகிற இடம் பாதுகாப்பானது, கம்பி போட்டிருப்பார்கள், குடும்பத்துக்கு நல்ல இடம். ஆனால் அதற்கு மேலே பாறையில் ஆழமான குழிகள் உண்டு, கெஜம் என்பார்கள். யானைக் கெஜம், பாம்புக் கெஜம், உரல் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. வெள்ளத்தில் அகப்பட்ட கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்தது. உரல் எப்படி இருக்கும், உள்ளே பிடிமானம் இருக்குமா? விழுந்தவன் சுவரைத் தடவிக்கொண்டே இருப்பான், விரல் நிற்க ஒரு வெடிப்பு கிடையாது. செல்ஃபிக்கு ஏறினவர்கள் பலபேர் போயிருக்கிறார்கள். பலகை வைத்திருக்கிறார்கள், பலகையைப் பிடித்துக்கொண்டே செல்ஃபி எடுக்கிறவனையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காட்டாறு. கீழே வெயில் மண்டையைப் பிளக்கும், மேலே கொடைக்கானல் பக்கம் ஒரு மணி நேரம் மழை பெய்திருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. தெளிவாக ஓடுகிற தண்ணீரில் திடீரென்று சருகும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, நிறம் டீத்தண்ணி மாதிரி மாறினாலோ, மேலே எங்கோ லாரி வருகிற மாதிரி இரைச்சல் கேட்டாலோ, சோப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள். காவலர் விசில் அடித்தால் ஏறணும், "இன்னும் அஞ்சு நிமிஷம்" கிடையாது.

சுருளி அருவி கம்பத்திலிருந்து பக்கம்தான், ஆனால் யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். 2021-லிருந்து அந்தக் காடெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் கோம்பைத்தொழு வழியாகச் சின்னச் சுருளி. மூல வைகைப் பக்கமே இருக்கிறது, அப்பாவுக்கு ஒரே வழியில் இரண்டும் ஆகும்.

பரமக்குடி தறி

வேன் எதுக்கு என்று கேட்க வந்தேன், ஒன்பது பேர் என்றால் சரி. நாலைந்து பேர் போகிறவர்கள் ராமநாதபுரத்தில் மதுரை ரயில் ஏறி, மதுரையில் போடி ரயில் பிடிக்கலாம். அகலப் பாதையாக்கி 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் ரயில் விட்டுவிட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்போது ஜன்னல் சீட்டு கிடைத்தால் யோகம்.

எங்கள் ஊரில் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். எனக்கு நினைவு தெரிந்து பாதி வருஷம் மணலில்தான் இறங்கினார். சிவபெருமானுக்குக் கடல் விஷத்தைக் கொடுத்ததால் வைகை கோபித்துக்கொண்டு கடலில் சேரவில்லை என்று எங்கள் ஆத்தா கதை சொல்லும். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. மேலே அத்தனை ஆயக்கட்டு, அப்புறம் விரகனூர், பார்த்திபனூர் மதகு, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அது குடித்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரைக்கு. நம்ம ஊர் ஆட்கள் மேலே போய்ப் பார்ப்பது நல்லதுதான். மேலே குளித்துவிட்டுச் சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் விட்டு வந்தால் அது நம்ம கண்மாய்க்குத்தான் வரும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஆற்றங்கரையான்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. சங்குகுளி அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் யாரு மகன்?" என்று கேட்டார், அவ்வளவுதான். மேகமலைக்கு மேலே ஏறலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி.

பெண்கடல்

சின்னமனூரிலிருந்து வேனிலேயே ஏறலாம், நடக்க வேண்டாம். 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரும், வாந்தியும் எடுக்கும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். தென்பழனியில் வனத்துறை சோதனைச்சாவடி, இருட்டுவதற்குள் இறங்கிவிடணும். மழை பெய்திருந்தால் புல்லில் அட்டை ஏறும். ஒரு துணியில் கல்லுப்பு கட்டிக்கொண்டு போங்கள், அட்டை மேல் தொட்டால் சுருண்டு விழுந்துவிடும். உப்பு நம்ம ஊரில் பஞ்சமா என்ன.

தொண்டித்துறை

வரும்போது காரங்காட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.

ஆற்றங்கரையான் (ஜூன் 2, இரவு 10.15)

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பரமக்குடி தாண்டி மதுரை வரைக்கும் ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு வருகிறது, எல்லாம் கருவேலமும் மணலும். மதியம் வைகை அணை. 1959-ல் கட்டியது, இரண்டு கரையிலும் பூங்கா, பிள்ளைகளுக்கு அது போதும். அப்பா பூங்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று அங்கே ஒருவர் சொல்ல, "இவங்க எச்சரிக்கை விட்டு எத்தனை நாள்ல நம்ம ஊருக்கு வரும்?" என்பதுதான் அவர் கேள்வி. அணைக்கு வெளியே பொரித்த மீன் விற்கிறார்கள். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும். ஒரு வாய் வைத்துவிட்டு "மண்ணு வாடை அடிக்குது" என்று வைத்துவிட்டார். பிள்ளைகள் மூன்று தட்டு காலி செய்தார்கள்.

இரண்டாம் நாள் கடமலைக்குண்டு. மருமகன் சொன்னது சரி, மூல வைகையில் தண்ணீர் இல்லை. பாலத்துக்குக் கீழே வேனை நிறுத்தி இறங்கினோம். அப்பா நடு ஆற்றுக்குப் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்கேயும் மணல்தானா" என்றார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, இவ்வளவு தூரம் கூட்டி வந்து இதையா காட்டினோம் என்று. அவர் அதற்குள் வேனிலிருந்து கொட்டாங்கச்சியை எடுத்துவரச் சொல்லி, உட்கார்ந்து மணலைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். ஊரில் சின்ன வயசில் ஊற்றுத் தோண்டின அதே மாதிரி, ஓரம் சரியாமல் சாய்வாக. முழங்கை ஆழத்தில் ஈரம், இன்னும் ஒரு சாண் போனதும் கலங்கலாகத் தண்ணீர் கசிந்தது. கலங்கலை மூன்று தடவை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். நாலாவது தடவை தெளிந்து வந்தது. குடித்தார். பேத்தியைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார், என் வீட்டுக்காரி அவசரமாக வாட்டர் பாட்டிலோடு ஓடினாள், அதற்குள் அவள் குடித்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்.

சின்னச் சுருளியில் தண்ணீர் குறைவுதான், கைத் தடிமனுக்கு விழுந்தது, ஆனாலும் கூட்டமில்லாமல் ஒரு மணி நேரம் எல்லாரும் நின்றோம். மூன்றாம் நாள் கும்பக்கரைக்குப் போனால் மூடிவிட்டார்கள், முந்தின ராத்திரி மலையில் மழையாம், வாசலிலேயே இரைச்சல் கேட்டது. பத்துப் பதினைந்து பேர் காவலரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேனைத் திருப்பி தேனி பக்கத்து வீரபாண்டி போனோம். திருவிழா முடிந்து கோயில் பக்கம் காலியாக இருந்தது. முல்லையாறு படித்துறையில் முழங்கால் தண்ணீர், ஓட்டம் நிதானம், உள்ளூர்ப் பையனிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம். தடுப்பணைப் பக்கமே யாரையும் விடவில்லை. தண்ணீர் பல்லைக் கிட்டியது. அப்பா ஒரு முங்கு போட்டுவிட்டு மல்லாக்க மிதக்கப் பார்த்தார், கால் இறங்கிவிட்டது, மறுபடி பார்த்தார், மறுபடி இறங்கியது. "தண்ணியில சத்து இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து துண்டைப் பிழிந்தார். கீழக்கரை காக்கா கணக்கை அவரிடம் சொல்லவில்லை.

வரும்போது ஆற்றிலிருந்து உள்ளங்கை அளவில் உருண்டைக் கல் மூன்று எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். நம்ம பக்கம் ஆற்றில் கல் எங்கே இருக்கிறது, இங்கேயிருந்து அங்கே வருவதற்குள் எல்லாம் மணலாகிவிடுகிறது. கருவாட்டுப் பானை மூடி மேல் ஒன்று இப்போது உட்கார்ந்திருக்கிறது.

சங்குகுளி

அப்பாவிடம் சொல்லுங்கள், நான் பெரியபட்டினத்து மூத்த மண்டாடி பேரன். கேட்டால் தெரியும்.

கீழக்கரை காக்கா

சத்து இல்லையாம் :)) தங்கினது எங்கே தம்பி, ஆற்றைப் பார்த்த அறையா?

ஆற்றங்கரையான்

தேனி பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறை காக்கா. ராத்திரி பூரா ஹாரன்.

பரமக்குடி தறி

அணைக்கு வெளியே மீன் விற்கிறது எந்தப் பக்கம், போகும்போது இடதா வலதா? அடுத்த வாரம் நாங்கள் கிளம்புகிறோம், எங்கள் வீட்டில் மண்ணு வாடைதான் பிடிக்கும்.